எபிடியூரல் மீது விழுந்த பழி

பிரசவ வலியைத் தணிக்க முதுகில் போடப்படும் எபிடியூரலைப் பற்றி நிலவும் கருத்து மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடும். அதைப் போட்டுக்கொண்டால் முக்க வராது, கடைசியில் சிசேரியனில்தான் முடியும். முதுகுவலி ஆயுசுக்கும் விடாது. மருந்து குழந்தைக்கும் போய்ச் சேரும். வளைகாப்புக்கு வந்த பெரியவர்கள் சொல்வது இதுதான். மகப்பேறு மருத்துவர்களில் ஒரு சாராரும் கொஞ்சம் நாகரிகமான சொற்களில் இதையே சொல்கிறார்கள். இந்த மூன்றையும் தாங்கி நிற்பது ஓர் அனுமானம்: எபிடியூரல் என்பது எங்கும் எப்போதும் ஒரே சரக்கு. அந்த அனுமானம் தவறு. எபிடியூரல் என்பது ஓர் இடத்தின் பெயர். அந்த இடத்தில் எந்த மருந்தை, எவ்வளவு செறிவில், எப்படிச் செலுத்துகிறார்கள் என்பதில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பும் பழைய வழக்கின் தீர்ப்பே.

தண்டுவடத்தையும் அதைச் சூழ்ந்த திரவத்தையும் தடித்த உறை ஒன்று மூடியிருக்கிறது. அந்த உறைக்கு வெளியே, முள்ளெலும்புகளுக்கு உட்புறமாக, கொழுப்பும் மெல்லிய இரத்தக் குழாய்களும் நிறைந்த குறுகலான இடைவெளி உண்டு. உறையைவிட்டு வெளியேறும் நரம்பு வேர்கள் இதைக் கடந்துதான் உடலுக்குள் போகின்றன. கருப்பையிலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்புகளும் இந்த வழியாகத்தான் தண்டுவடத்தை அடைகின்றன. இங்கே மருந்தை விட்டால் வலி மூளைக்குப் போய்ச் சேராது. நினைவு தப்பாது, மருந்து தூக்கத்தில் ஆழ்த்தாது. இந்த இடைவெளியை 1921இல் அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்தி விவரித்தவர் ஃபிடெல் பாஹேஸ் என்ற ஸ்பானிய ராணுவ மருத்துவர். 1947இல் கியூபாவின் மார்டினெஸ் குர்பெலோ அங்கே மெல்லிய குழாயைச் செருகி, மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வழி கண்டார். மணிக்கணக்கில் நீளும் பிரசவத்துக்கு இது பொருந்தி வந்ததற்குக் காரணம் அந்தக் குழாய்தான்.

‘முதுகில் ஊசி குத்தியபடியே இருக்கும்’ என்ற பயம் பலருக்கு உண்டு. உண்மையில் நடப்பது வேறு. கர்ப்பிணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையணையை அணைத்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைக்கிறார். எதிரே நிற்கும் நர்ஸ் தோளைப் பிடித்துக்கொள்கிறார். மயக்க மருத்துவர் இரண்டு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பையும் விரலால் தடவி, முள்ளெலும்புகளுக்கு நடுவே பள்ளத்தைக் கண்டுபிடித்து, தோல் மரக்க ஒரு சிறு ஊசி போடுகிறார். பிறகு நுனி வளைந்த டூஹி ஊசி. அதன் பின்னால் உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சு. அதன் தண்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஊசியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உள்ளே நகர்த்துகிறார். தசைநாருக்குள் இருக்கும்வரை சிரிஞ்சின் தண்டு அசையாது. கடைசித் தசைநாரைத் தாண்டிய கணத்தில் எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போய் உப்புநீர் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். பெரும்பாலானோருக்குத் தோலிலிருந்து 4 முதல் 6 செ.மீ. ஆழத்தில் இது நடக்கும். நடுவே ஒரு வலி எழுந்தால் கையை அசைக்காமல் அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இடம் கிடைத்ததும் ஊசிக்குள் நூல் போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி, ஊசியை உருவிவிடுகிறார்கள். முதுகில் தங்குவது குழாய் மட்டும்தான். இதுவரை எல்லா முறைகளும் ஒன்றுதான், இனிமேல்தான் பிரிகின்றன.

1970களிலும் 80களிலும் அந்தக் குழாய் வழியே போனது பெரும்பாலும் 0.25 விழுக்காடு செறிவுள்ள பூபிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்து, சில இடங்களில் அதற்கும் மேல். ஒரு தடவைக்கு 10 மி.லி. என்றால் 25 மி.கி. மருந்து. வலி திரும்பியதும் மறுபடியும் அதே அளவு. வலியைக் கடத்தும் நரம்பிழைகள் மெல்லியவை, தசையை இயக்கும் இழைகள் தடித்தவை. மெல்லியவற்றை மரக்கச் செய்யக் குறைந்த செறிவு போதும்; செறிவு கூடினால் தடித்தவையும் மரத்துப்போகும். பழைய முறையில் இரண்டும் சேர்ந்தே மரத்தன. காலைத் தூக்க முடியாது, இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்துவிடும், குழந்தையின் தலை திரும்பவேண்டிய திசையில் திரும்பத் தாமதமாகும், முக்கச் சொன்னால் எங்கே முக்குவதென்றே தெரியாது. இந்த அனுபவத்திலிருந்து பிறந்த கருத்து பொய்யல்ல. அந்த மருந்தளவுக்கு அது உண்மை. மருந்தளவு மாறிய பிறகும் கருத்து மட்டும் மாறாமல் நின்றதுதான் சிக்கல்.

சிசேரியன் என்ற முதல் பழியை எடுத்துக்கொண்டால், அதற்கு ஆதாரமாக அதிகம் காட்டப்பட்டது 1993இல் அமெரிக்காவில் வெளியான தோர்ப் குழுவின் ஆய்வு. முதல் பிரசவத்துக்கு வந்த 93 பெண்கள். எபிடியூரல் பெற்ற 48 பேரில் 12 பேருக்குச் சிசேரியன். பெத்திடின் என்ற வலி நிவாரண ஊசி பெற்ற 45 பேரில் ஒருவருக்கு மட்டுமே. வேறுபாடு அதிர்ச்சி தந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். ஆனால் 93 என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. தவிர, யாருக்கு எபிடியூரல் போயிருக்கிறது என்பது சிசேரியன் முடிவை எடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். அதை மறைக்கவும் வழியில்லை. ஆனாலும் இந்த அச்சம் செல்வாக்குப் பெற்றது. கருப்பை வாய் 4, 5 செ.மீ. திறக்கும்வரை எபிடியூரலைத் தள்ளிப்போடலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகமே ஒரு கட்டத்தில் அறிவுறுத்தியது.

அந்த அறிவுரையைச் சோதித்துப் பார்த்தவர் சிகாகோவில் பணியாற்றிய சிந்தியா வாங். 2005இல் வெளியான அவரது ஆய்வில் 750 பெண்கள். ஒரு பாதிக்கு 4 செ.மீ. திறக்கும் முன்பே தண்டுவடப் பகுதியில் வலி மருந்து, மறு பாதிக்கு முதலில் சாதாரண ஊசி. சிசேரியன் விகிதம் முதல் குழுவில் 17.8 விழுக்காடு, இரண்டாவதில் 20.7. கருப்பை வாய் முழுதாகத் திறக்க முதல் குழுவுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் குறைவாகவே பிடித்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கழகம் தன் பழைய அறிவுரையைக் கைவிட்டு, வலிக்கிறது என்று பெண் கேட்பதே போதிய காரணம் என்று எழுதியது. 2009இல் சீனாவின் நான்ஜிங்கில் 12,793 பெண்களிடம் நடந்த ஆய்வில், 1 செ.மீ. திறப்பிலேயே தொடங்கியவர்களுக்கும் 4 செ.மீ. வரை காத்திருந்தவர்களுக்கும் சிசேரியனில் வேறுபாடு இல்லை. 40 ஆய்வுகளையும் 11,000க்கு மேற்பட்ட பெண்களையும் தொகுத்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் எபிடியூரல் சிசேரியனைக் கூட்டுவதாகக் காணவில்லை. தமிழ்நாட்டின் பல லேபர் வார்டுகளில் மட்டும் ‘இன்னும் கொஞ்சம் திறக்கட்டும்’ என்ற வாசகம் ஓய்வு பெறவில்லை.

‘என் அனுபவத்தில் எபிடியூரல் போட்டவர்களுக்குத்தான் சிசேரியன் அதிகம்’ என்று சொல்லும் மருத்துவர் பொய் சொல்லவில்லை. காரணத்தையும் விளைவையும்தான் இடம் மாற்றிவிடுகிறார். குழந்தையின் பின்னந்தலை தாயின் முதுகுப்பக்கம் திரும்பியிருந்தாலோ, தலைக்கும் இடுப்புக்கும் பொருத்தம் குறைவாக இருந்தாலோ, வலி தொடக்கத்திலேயே தாங்க முடியாத அளவுக்குப் போகும், பிரசவமும் நீளும். அப்படிப்பட்டவர்கள்தான் எபிடியூரலை முதலில் கேட்கிறார்கள், திரும்பத் திரும்பக் கூடுதல் மருந்தும் கேட்கிறார்கள். சிசேரியனில் முடிவதும் அவர்களுக்குத்தான். எபிடியூரல் இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் அங்கேதான் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நாடுகளை ஒப்பிட்டாலும் இந்தப் பழி நிற்பதில்லை. பிரான்ஸில் பிரசவிப்பவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இவ்வகை வலி நிவாரணம் பெறுகிறார்கள். சிசேரியன் ஐந்தில் ஒன்று என்ற அளவில் நிற்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் 60க்கும் மேல். இங்கே பிரசவிக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் எபிடியூரல் குழாயைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. வலி பயத்தாலேயே சிசேரியனைக் கேட்டு வாங்கும் குடும்பங்கள் இருக்கும் ஊரில், வலியைக் குறைக்கும் வழியையே சிசேரியனுக்குக் காரணமாகக் காட்டுவது விசித்திரமான வாதம்.

ஆயுதம் போட்டு எடுக்க வேண்டியிருக்கும் என்ற குற்றச்சாட்டில் சாரம் உண்டு. ஃபோர்செப்ஸும் வேக்குவமும் எபிடியூரல் பெற்றவர்களிடம் கூடுதலாகப் பயன்பட்டன என்பதை அதே காக்ரேன் மதிப்பாய்வு ஒப்புக்கொள்கிறது. ஆனால் 2005க்குப் பின் வந்த ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. நடுவில் நடந்த மாற்றத்தை அளந்து காட்டியது காமெட் என்று அழைக்கப்படும் பிரிட்டிஷ் ஆய்வு. 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. முதல் பிரசவத்துக்கு வந்த 1,054 பெண்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குப் பழைய 0.25 விழுக்காடு மருந்து. மற்ற இரண்டுக்கும் 0.1 விழுக்காடு பூபிவக்கெய்னோடு ஒரு மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்து. அதை ஒரு குழுவுக்கு முதலில் உறைக்குள் போடும் ஒரு ஸ்பைனல் ஊசியும் பிறகு அவ்வப்போது கையால் செலுத்துவதுமாகவும், இன்னொரு குழுவுக்குப் பம்பு வழியே தொடர்ச்சியாகவும் கொடுத்தார்கள். சுகப்பிரசவம் பழைய முறையில் 35.1 விழுக்காடு; புதிய முறைகளில் 42.7, 42.9. சிசேரியன் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது ஃபோர்செப்ஸும் வேக்குவமும்தான். முதுகு அதே, குழாய் அதே, மாறியது மருந்தின் செறிவு.

மருந்தின் பெயர் இதில் அவ்வளவு முக்கியமில்லை. பூபிவக்கெய்னைவிட ரோபிவக்கெய்ன் கால்களை விட்டுவைக்கும் என்ற விளம்பரத்தில் ஓரளவு உண்மை இருந்தாலும், இன்று பயன்படும் நீர்த்த அளவுகளில் பிரசவத்தின் முடிவு இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. விலை வேறுபாட்டைச் சுமக்கப்போகும் குடும்பத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

மருந்தைச் செலுத்தும் விதமோ நிஜமாகவே முக்கியம். பம்பு ஒரே சீராக, மணிக்கு இத்தனை மி.லி. என்று சொட்டிக்கொண்டே இருந்தால், அழுத்தம் குறைவாக இருப்பதால் குழாயின் பல துளைகளில் பின்பக்கத் துளை வழியாகவே மருந்து கசிந்து ஒரே இடத்தில் தேங்குகிறது. அங்கே மரப்பு கெட்டிப்படுகிறது, மற்ற இடங்களில் வலி எட்டிப் பார்க்கிறது. அதே மருந்தைச் சேர்த்துவைத்து முக்கால் மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு தடவை வேகமாகத் தள்ளினால் எல்லாத் துளைகளிலும் பீறிட்டு, இடைவெளியில் மேலும் கீழும் பரவுகிறது. தோட்டத்துக் குழாயைச் சொட்டவிட்டால் ஒரு பாத்தி மட்டும் சேறாவதும், திறந்துவிட்டால் வரப்பு முழுதும் நனைவதும் இதே கணக்கு. இத்தாலியில் கபோன்யா குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்சொட்டு பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்குக் கால் தளர்ச்சி. இடைவெளி விட்டுத் தள்ளும் முறையில் 2.7 மட்டுமே. ஆயுதப் பிரசவம் 20லிருந்து 7 விழுக்காடாகக் குறைந்தது. இது சிறிய ஆய்வு. பின்னால் வந்த தொகுப்புகள் ஆயுதப் பிரசவத்தில் இவ்வளவு பெரிய லாபத்தை உறுதிசெய்யவில்லை. ஆனால் இடையில் வலி பீறிடுவது குறைகிறது, மருந்தும் குறைவாகச் செலவாகிறது என்பதில் அவை ஒத்துப்போகின்றன. 1980களின் இறுதியில் வந்த இன்னொரு மாற்றம், பொத்தானைப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுவது. இரண்டு அமுக்கலுக்கு நடுவே பம்பு தானாகப் பூட்டிக்கொள்வதால் அளவு மீறாது. வலி எவ்வளவு என்பதை வலிப்பவரே தீர்மானிக்கும்போது மருந்து கூடுமென்று பயந்தவர்களுக்கு ஏமாற்றம். அது பெரும்பாலும் குறைந்தது.

பழிசொல்வோர் ஒரு பக்கம் என்றால், புதுமையை விற்போர் மறுபக்கம். உறையைத் துளைத்து உள்திரவத்திலேயே சிறிதளவு மருந்து விட்டுப் பிறகு எபிடியூரல் குழாயையும் வைக்கும் கூட்டு முறை ‘நடமாடும் எபிடியூரல்’ என்ற பெயரில் உயர்தரச் சேவையாக விற்கப்படுகிறது. குறைந்த செறிவுள்ள சாதாரண எபிடியூரலோடு ஒப்பிட்டால், 27 ஆய்வுகளின் தொகுப்பில் வலி அடங்கும் நேரத்தில் அது மிச்சப்படுத்தியது சுமார் 5 நிமிடம். நடமாட்டத்தில் வேறுபாடு இல்லை. உடம்பு அரிப்பு கூடுதல். உள்திரவத்தில் போகும் ஓபியாய்டு மருந்தால் குழந்தையின் இதயத்துடிப்பு சற்று நேரம் தாழ்வதும் உண்டு. பிரசவம் முற்றிய நிலையில், அடிப்பகுதித் திரிக நரம்புகளின் வலி உச்சத்தில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 5 நிமிடம் பெரிது; மற்றவர்களுக்கு இல்லை. உறையில் மெல்லிய ஊசியால் துளை மட்டும் போட்டு, மருந்தை வெளியிலேயே விடும் மூன்றாவது வழியும் இப்போது பரவிவருகிறது. கீழ்நரம்புகளுக்கு மருந்து சீக்கிரம் போய்ச் சேர்கிறது, கூட்டு முறையைவிட அரிப்பு குறைவு.

நடமாட்டம் என்ற வாக்குறுதிக்கும் ஒரு வார்த்தை. கால் இயங்குவதும் நடப்பதும் ஒன்றல்ல. இரவு இரண்டு மணிக்கு வலி அடங்கிய பெண் நடக்க மாட்டார், தூங்குவார். எபிடியூரல் பெற்றவர்கள் முக்கும் கட்டத்தில் நிமிர்ந்திருந்தால் நல்லது என்ற பரவலான நம்பிக்கையை 3,000க்கு மேற்பட்ட பெண்களிடம் சோதித்த பம்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வு 2017இல் வெளியானது. நிமிர்ந்திருந்தவர்களில் 35.2 விழுக்காட்டினருக்குச் சுகப்பிரசவம். ஒருக்களித்துப் படுத்தவர்களில் 41.1.

முதுகுவலிக்கு வருவோம். இந்தப் பழிக்கு 1990இல் அறிவியல் முத்திரை கிடைத்தது. பர்மிங்ஹாமில் கிறிஸ்டீன் மெக்ஆர்தர் குழு 11,701 தாய்மாரிடம் கேள்வித்தாள் வழியே விசாரித்ததில், எபிடியூரல் பெற்றவர்களில் 18.9 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 10.5 விழுக்காட்டினரும் நீடித்த முதுகுவலி சொன்னார்கள். ஆனால் அது பிரசவம் முடிந்து ஆண்டுகள் கழித்து நினைவைக் கிளறிய கணக்கு. முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர் முதுகைத்தான் நினைவில் வைத்திருப்பார். குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்துப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் இந்த வேறுபாடு கரைந்துபோனது. 369 பேரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று முதுகு எவ்வளவு வளைகிறது என்பதைக்கூட அளந்து பார்த்தது. அதிலும் வேறுபாடு இல்லை. மருந்தின் செறிவைக் குறைக்கச் சொன்ன காமெட் ஆய்வை நடத்தியவரும் அதே மெக்ஆர்தர்தான். பழியை எழுப்பியவர் அதைச் சோதிக்கத் தயங்கவில்லை; அதை மேற்கோள் காட்டியவர்கள்தான் 1990ஐத் தாண்டி வரவில்லை. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எபிடியூரலுக்கு முன்பே முதுகுவலி இருக்கிறது. குழந்தையைத் தூக்குவதும் குனிந்து பால் கொடுப்பதும் பிறகு சேர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் இதில் இன்னொரு குழப்பமும் உண்டு: ‘முதுகுல ஊசி போட்டதுலேர்ந்து வலி’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பெற்றது சிசேரியனுக்கான ஸ்பைனல் ஊசி. அது இதைவிட மிக மெல்லிய வேறு ஊசி, வேறு இடம், ஒரே தடவை. அதன் மேல் சொல்லும் குறையை எபிடியூரல் கணக்கில் எழுதுகிறார்கள்.

உண்மையான குறைகளும் உண்டு; பழிகளின் சத்தத்தில் அவை காதில் விழாமல் போகின்றன. ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு டூஹி ஊசி தவறி உறையைத் துளைத்துவிடும். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, உட்கார்ந்தால் பிளந்து படுத்தால் அடங்கும் தலைவலி வரும். தாயின் இரத்தத்தையே எடுத்து அந்த இடத்தில் செலுத்தி அடைக்கும் சிகிச்சை பலருக்கு அதைத் தீர்க்கிறது. இரத்த அழுத்தம் தாழலாம். சிலருக்குக் காய்ச்சல் வருகிறது; சிறுநீர் தங்குகிறது. சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்து, குழாயை இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும் உறைதடுப்பு மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கும் போடக் கூடாது. நிரந்தர நரம்புச் சேதம் அரிதிலும் அரிது. அறுவை சிகிச்சைகளையும் சேர்த்து, பிரிட்டனில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட தண்டுவட ஊசிகளைக் கணக்கெடுத்து 2009இல் வெளியான தேசியத் தணிக்கை, லட்சத்தில் 2 முதல் 4 பேர் வரை என்று மதிப்பிட்டது. பிரசவித்தவர்களிடம் அதைவிடக் குறைவு.

குழந்தைக்கு மருந்து போகும் என்ற மூன்றாம் பழி, மாற்று என்னவென்று கேட்டதும் தலைகீழாகிறது. எபிடியூரல் வேண்டாம் என்று மறுக்கப்படும் பெண்ணுக்குப் பல இடங்களில் கிடைப்பது பெத்திடினோ டிராமடாலோ. தசையில் போடும் பெத்திடின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை அடைகிறது. பிறந்ததும் மூச்சைத் தாழ்த்தலாம். பச்சிளங்குழந்தையின் உடலிலிருந்து வெளியேறப் பல மணி நேரம், அதன் சிதைபொருளுக்கு நாள்கணக்கில் ஆகும். தாய்க்கோ வலியைவிட மயக்கம்தான் கூடுகிறது. காக்ரேன் தொகுப்பில், ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் தேவைப்பட்ட குழந்தைகள் எபிடியூரல் பிரிவில்தான் குறைவு. பிறந்த குழந்தையின் நிலையை அளக்கும் ஐந்தாம் நிமிட அப்கார் மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. ஸ்காட்லாந்தில் 5,67,216 பிரசவங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, எபிடியூரல் பெற்றவர்களிடம் தாய்க்கு நேரும் கடும் பாதிப்புகள் 35 விழுக்காடு குறைவு என்றது. அதுவும் பதிவேடுகளைப் பார்த்துச் சொன்னதுதான். 1990இன் கேள்வித்தாளைச் சந்தேகித்த அதே கண்ணோடுதான் இதையும் படிக்க வேண்டும்.

எஞ்சுவது ‘பத்துப் பிள்ளை பெற்ற பாட்டி எந்த ஊசி போட்டாள்’ என்ற வாதம். பத்துப் பெற்றும் உயிரோடிருந்த பாட்டிதான் பேரப்பிள்ளைகளிடம் கதை சொன்னாள். மூன்றாவதில் போய்ச்சேர்ந்த பாட்டிக்குக் கதை இல்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு பெறுவதை விரும்பும் பெண்ணுக்கு அந்த விருப்பமே போதும். அதற்கு மருத்துவக் காரணம் கற்பிக்கத் தேவையில்லை.

‘பம்பும் கருவியும் இல்லாத இடத்தில் இதெல்லாம் எப்படி’ என்ற எதிர்வாதம் கடைசியாக வரும். கருவி கட்டாயமில்லை. காமெட் ஆய்வின் கூட்டு முறைக் குழுவில் முதல் ஊசிக்குப் பிறகு மருந்தைச் செலுத்தியது பம்பு அல்ல, மருத்துவச்சிகளின் கை. வலி திரும்பும்போது 0.1 விழுக்காடு மருந்தில் 10 மி.லி., அதாவது 10 மி.கி. பூபிவக்கெய்னும் கொஞ்சம் ஃபென்டனிலும். தொடர்சொட்டைவிட, இடைவெளி விட்டுத் தள்ளுவது நன்றாகப் பரவுகிறது என்று பின்னாளில் கருவிகள் காட்டியதை அந்தக் கைகள் முன்பே செய்திருந்தன. தட்டுப்பாடு கருவியில் இல்லை, ஆளில் இருக்கிறது. குழாய் வைக்க ஒரு மயக்க மருத்துவர், வைத்த பின் இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் துடிப்பையும் பார்த்துக்கொள்ளப் பழகிய ஒரு நர்ஸ். இரவுப் பணியில் ஒரே மயக்க மருத்துவர் அறுவை அரங்குக்கும் லேபர் வார்டுக்கும் நடுவே ஓடும் மருத்துவமனையில் எபிடியூரல் கிடைக்காததற்கு அதுதான் காரணம். அதை ‘உங்களுக்கு நல்லதில்லை’ என்று மாற்றிச் சொல்ல அவசியமில்லை.